பாயிண்டை எண்ணி சர்க்யூட் என்று பில் போடுகிறார்கள், உஷார்

வீட்டுக்கு ஒயரிங் வேலை கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் காண்ட்ராக்டர் கொட்டேஷனில் ‘தனி பவர் சர்க்யூட் 4’ என்று எழுதி, நான்குக்கும் தனித்தனியாகப் பணம் வாங்கினார். கீசர், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின். சுவரில் நான்கு 16 ஆம்பியர் சாக்கெட் இருப்பது உண்மைதான்.

ஆனால் மூன்று சாதனம் ஒன்றாக ஓடினால் கொஞ்ச நேரத்தில் எம்சிபி (லோடு கூடினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) விழும். கூப்பிட்டதும் வந்தார், 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றி 32 மாட்டிவிட்டு, “இனிமே டிரிப் ஆகாது சார்” என்றார். ஆகாதுதான்! கீசர் 2000 வாட், அடுப்பு 2000 வாட், கூடவே ஏசி. 230 வோல்ட்டில் சுமார் 25 ஆம்பியர். உள்ளே ஓடுவதோ 2.5 சதுர மி.மீ. ஒயர். குழாய்க்குள் அது தாங்குவது ஏறக்குறைய 20 ஆம்பியர். 32-க்கு அது ஓவர்லோடாகவே தெரியாது, ஒயர் பாட்டுக்குச் சூடாகிக்கொண்டிருக்கும்.

சந்தேகப்பட்டு, லைசென்ஸ் உள்ள வேறொரு எலெக்ட்ரீஷியனை வைத்து, எம்சிபிகள் இருக்கும் பெட்டியான டிபியைத் திறந்தோம். பவருக்கு நான்கு எம்சிபி, மேலே அழகாக ஸ்டிக்கர். மூன்றின் அடியில் ஒயரே இல்லை. ஒன்றிலிருந்து கிளம்பிய ஒயரைத்தான் நான்கு சாக்கெட்டுக்கும் லூப் அடித்திருக்கிறார் காண்ட்ராக்டர்.

கேட்டால், “16 ஆம்ப் சாக்கெட்னா பவர் சர்க்யூட்தானே சார்?” என்கிறார். அது பாயிண்ட், அதாவது கரண்ட் எடுக்கும் இடம். மீட்டரிலிருந்து டிபி வரை வருவது மெயின். அங்கே கடைசி ஃபியூஸையோ எம்சிபியையோ தாண்டிப் புறப்பட்டு சாக்கெட்டில் போய் முடிகிற ஒயரிங்தான் ஒரு சப்-சர்க்யூட். ஒயரிங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 732-இன் 1989 பதிப்பு லைட், ஃபேன் சர்க்யூட்டுக்கு 10 பாயிண்ட், 800 வாட் என்று வரம்பு வைத்தது. பவர் சர்க்யூட்டுக்குப் பொதுவாக 3000 வாட். சாக்கெட் இரண்டுக்கு மேல் கூடவே கூடாது என்றது. எங்கள் வீட்டில் ஒன்றில் நான்கு.

இப்போது பாதிப் பணம் திருப்பித் தருகிறேன் என்கிறார், இன்னும் வந்தபாடில்லை. சுவரை மறுபடி வெட்டும் செலவு தனி.

கொட்டேஷனில் ‘பாயிண்ட்’ கணக்கோடு விடாதீர்கள். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் எம்சிபி எத்தனை ஆம்பியர், ஒயர் எத்தனை சதுர மி.மீ., அதில் எந்தெந்த சாக்கெட் என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணைக்கு முன் எம்சிபியை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ‘ஏசி’ என்று ஒட்டியதை அணைத்தும் ஏசி ஓடினால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.