ஜிப்சம் பேனல் வீட்டில் ஒன்பது ஆண்டுகள்

எங்கள் வீட்டுப் பீரோவில் பத்திரம், பட்டா, வரி ரசீதுகளோடு லேமினேட் செய்த ஒரு வரைபடமும் இருக்கிறது. எந்தச் சுவரில் எந்த இடத்தில் கான்கிரீட் இருக்கிறது, எந்த இடத்தில் கிரஷர் தூள், அதாவது கல் உடைக்கும் ஆலையில் மிஞ்சும் தூள், இருக்கிறது, ஒயர் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதெல்லாம் அதில் குறித்திருக்கும். எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ வந்தால் முதலில் தண்ணீர் கொடுப்போம், அப்புறம் அந்த வரைபடத்தைக் கொடுப்போம். செங்கல் வீட்டுக்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். எங்களுக்கு அது இல்லாமல் ஒரு ஆணி அடிக்கவும் மனம் வராது.

வீடு கோவைக்குத் தெற்கே, மதுக்கரைப் பக்கம். 2016 ஆவணியில் குடிவந்தோம். கீழ்த்தளம் மட்டும்தான், ஆயிரத்து நூறு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். சுவரும் கூரையும் ஜி.எஃப்.ஆர்.ஜி. பேனல், அதாவது கண்ணாடி இழை கலந்து வார்த்த ஜிப்சம் பலகை. கட்டும்போது எழுத நினைத்து விட்டுவிட்டேன். விட்டது நல்லதுதான். புது வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு எழுதினால் புகழத்தான் தோன்றியிருக்கும்.

இந்தப் பேனல் ஆஸ்திரேலியாவில் ரேப்பிட்வால் என்ற பெயரில் உருவானது. நம் ஊர் நிலநடுக்கத்துக்கும் அடுக்குமாடிக்கும் ஏற்றபடி இதை வடிவமைக்கும் முறையை உருவாக்கியவர்கள் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் தேவதாஸ் மேனன், மெஹர் பிரசாத் ஆகியோரின் குழுவினர். 2013இல் அந்த வளாகத்துக்குள்ளேயே 1981 சதுர அடியில் நான்கு குடியிருப்புகள் கொண்ட இரண்டு மாடி வீட்டை ஒரு மாதத்தில் கட்டிக் காட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்துத்தான் எனக்கு ஆசை வந்தது. பேனல் கொச்சியை அடுத்த அம்பலமேட்டில் வார்க்கப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரே இரவில் லாரி வந்துவிடும் தூரம் என்பதால் துணிந்தோம்.

ஏன் அம்பலமேடு என்றால், அங்கே ஃபாக்ட் உரத் தொழிற்சாலை இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் ஒரு டன் எடுத்தால் ஏறக்குறைய ஐந்து டன் ஜிப்சம் கழிவாக மிஞ்சும். பல ஆண்டுகளாக அது மலைபோலக் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலிலிருந்து வந்ததுதான் எங்கள் சுவர். நான் வளர்ந்தது மதுக்கரை சிமென்ட் ஆலைக்குப் பக்கத்தில். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போனவன். ஒரு வீட்டுக்காக எங்கோ ஒரு நிலம் பள்ளமாகிறது என்பது சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிட்டது. ஏற்கெனவே கிடக்கிற குவியலைக் கரைத்து வீடு கட்ட முடியும் என்றபோது, அதற்காகக் கொஞ்சம் சிரமப்பட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

பேனலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. முழுப் பேனல் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே மேலிருந்து கீழ்வரை கால் மீட்டருக்கு ஒன்றாக 48 பொந்துகள். வெறும் பேனல் சதுர மீட்டருக்கு 44 கிலோதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 400 கிலோவைத் தாண்டும். அஸ்திவாரமும் அதன் மேல் ஓடும் பிளிந்த் பீம் என்ற கான்கிரீட் உத்திரமும் வழக்கமான முறையில்தான். பீமிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் பொந்துக்குள் நுழையும்படி பேனலைக் கிரேனில் இறக்கி நிறுத்துவார்கள். எங்கள் வீட்டில் மூலைகளிலும், கதவு ஜன்னல் ஓரங்களிலும், மற்ற இடங்களில் மூன்று பொந்துக்கு ஒன்றிலும் கம்பி விட்டுக் கான்கிரீட் ஊற்றினோம். மிச்சத்தில் கிரஷர் தூளோடு கொஞ்சம் சிமென்ட். கூரைக்கும் அதே பேனலைப் படுக்கப் போட்டு, மூன்றுக்கு ஒரு பொந்தின் மேல்தோலை வெட்டியெடுத்துக் கம்பி கட்டி, மேலே வலை விரித்து இரண்டு அங்குலக் கான்கிரீட். பூச்சு வேலை கிடையாது. பிரைமர், பட்டி, பெயின்ட், அவ்வளவுதான்.

சுவர் நின்றது மூன்று நாளில். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் நாள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, அட்டையிலயா ஊடு கட்டறீங்க?” என்று கேட்டார். நிஜமான அக்கறையில் கேட்டார். கான்கிரீட் ஊற்றி முடித்த பிறகு அவரையே கூப்பிட்டுத் தட்டச் சொன்னேன். சத்தம் மாறியிருந்ததை ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் அவருக்கு இது அட்டை வீடுதான், ஆனால் மழைக் காலத்தில் அவருடைய நெல் மூட்டை எங்கள் ஹாலில்தான் இருக்கும்.

தெரு இருபது அடி. நீள டிரெய்லர் திரும்பாது. இதை முன்பே அளந்து சொன்னதால் ஐந்து மீட்டருக்கு மேல் போகாதபடி பேனல்களை ஆலையிலேயே வெட்டி அனுப்பினார்கள். கிரேன் நிற்க இடம் வேண்டும், மேலே இ.பி. லைன் போனால் ஆள் வைத்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இந்த முறையில் கட்ட நினைப்பவர்கள் மனையைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பாருங்கள். பேனல் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. யார் தருவார்கள், எந்தத் தேதியில் தருவார்கள் என்று எழுத்தில் வாங்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது முதல் வங்கியில் மதிப்பீட்டாளர் “ஜிப்சமா?” என்று கேட்டுக் கோப்பை மூடிவிட்டார். வடிவமைப்புச் சான்றை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் அலைந்த பிறகே இன்னொரு வங்கி கொடுத்தது.

சரி, குடியிருந்த அனுபவத்துக்கு வருகிறேன்.

நல்லதில் முதலாவது, தண்ணீர். சுவருக்கும் பூச்சுக்கும் நாள்கணக்கில் நனைத்து நீராற்றும் வேலையே இல்லை. அஸ்திவாரத்துக்கும் கூரைக் கான்கிரீட்டுக்கும் மட்டும்தான் தண்ணீர் விட்டோம். 2016 எப்படிப்பட்ட ஆண்டு என்று தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை முழுக்கப் பொய்த்தது. அந்த ஆண்டில் பக்கத்து மனைகளில் லாரித் தண்ணீர் வாங்கிச் சுவரை நனைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான், எங்கள் வீட்டில் செலவாகாமல் போன தண்ணீரின் அளவு புரிந்தது.

இரண்டாவது, இடம். சுவர் ஐந்து அங்குலத்துக்குள் முடிந்துவிடுவதால் அதே மனையில் ஒவ்வொரு அறையும் சற்றுப் பெரிதாகவே வந்தது. மூன்றாவது, கட்டி முடித்த பிறகு வாசலில் குப்பை இல்லை. அண்ணன் வீடு கட்டியபோது உடைந்த செங்கல்லும் காய்ந்த கலவையும் இரண்டு டிராக்டர் போனது. இங்கே ஜன்னலுக்கு வெட்டிய துண்டுகளைக்கூடச் சமையல் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் பயன்படுத்திவிட்டோம்.

வெயில் விஷயத்தில் உள்ளபடி சொல்கிறேன். சுவர் பக்கம் சூடு குறைவு, அது நிச்சயம். கூரை அப்படியில்லை. மேலே இருப்பது கான்கிரீட்தானே. முதல் கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் மேலிருந்து அனல் இறங்கியது. வெள்ளைக் குளிர் ஓடு பதித்த பிறகுதான் தூக்கம் வந்தது. அந்தச் செலவை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிக் கசப்பானது. 2018 ஆகஸ்ட். கேரளத்தில் வெள்ளம் வந்த அந்த மழை கணவாய் வழியாக எங்களையும் அடித்தது. மேற்குச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் போல உப்பியது. அது சிறிய வேலை, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி சீலன்ட் வைத்ததும் நின்றுவிட்டது. அதே மாதம் குளியலறைக்கு வெளிப்புறச் சுவரின் அடியில் வெள்ளை பூத்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. பேனலில் நீரை விலக்கும் பொருள் கலந்திருக்கிறது, மழை பட்டு வழிந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் நாள் கணக்கில் நீர் தேங்கி நின்றால் ஜிப்சம் ஜிப்சம்தான். டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது, தரையும் சுவரும் சேருகிற மூலையில் நீர்க்காப்புப் பூச்சை ஒப்பந்தக்காரர் ஓர் அடி உயரத்துக்கு ஏற்றாமல் தரையோடு நிறுத்தியிருந்தது தெரிந்தது. மூன்று வாரம் காயவிட்டு, பாலிமர் பூச்சை இரண்டு கோட் அடித்து, வலை ஒட்டி, மறுபடி டைல்ஸ் போட்டோம். ஏழு ஆண்டாக அந்த இடம் காய்ந்தே இருக்கிறது. பேனல் வீட்டுக்கு நோய் வருவதென்றால் இணைப்பு வழியாகத்தான் வரும். குளியலறை மூலையில் பூச்சு அடிக்கிற அன்று அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு நேரில் நில்லுங்கள்.

ஆணி அடிப்பது ஒரு தனிக் கலை. பேனலின் தோல் 15 மில்லிமீட்டர்தான். காலண்டர் தாங்கும். கீசர், டி.வி., கப்போர்டு எல்லாம் கான்கிரீட் பொந்தில்தான் மாட்ட வேண்டும். பீரோவில் இருக்கும் வரைபடம் அதற்காகத்தான்.

சிலர் கதிர்வீச்சு பற்றிக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாஸ்பேட் பாறையில் இயற்கையாகவே கொஞ்சம் ரேடியம் உண்டு, அதன் ஒரு பகுதி ஜிப்சத்தில் தங்கும். பாறை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அளவு மாறும். கட்டுமானத்துக்குப் பயன்படுத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. நான் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்கிய பிறகுதான் முன்பணம் கொடுத்தேன். நீங்களும் கேளுங்கள்.

எங்களை உண்மையிலேயே சோதித்தது 2021. அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். குளியலறைக் கதவுத் திறப்பு இரண்டரை அடி. மர நிலையின் இரண்டு கால்களும் போக உள்ளே இரண்டடிதான். நாற்காலி நுழையவில்லை. செங்கல் வீடாக இருந்தால் கொத்தனார் ஒரே நாளில் அரை அடி இடித்துவிட்டுப் போயிருப்பார். இங்கே எல்லாச் சுவரும் பாரம் தாங்கும் சுவர். கதவின் இரு ஓரத்திலும் இருக்கிற பொந்துகள் கம்பியும் கான்கிரீட்டுமாகக் கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பொறியாளர் வந்து வரைபடத்தைப் பார்த்துவிட்டு, தொடவே கூடாது என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. “பரவால்ல கண்ணு, கட்டிலுக்கே வெந்நி கொண்டாந்து குடு” என்று மட்டும் சொன்னார். வாழ்நாள் முழுக்க விடியற்காலை நாலரைக்கு எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டவர். பன்னிரண்டு நாள் கட்டிலில் துடைத்துக்கொண்டு இருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும், மூன்று நாளில் சுவர் நின்றது என்று ஊரெல்லாம் பெருமை பேசியது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

தீர்வு தச்சரிடமிருந்து வந்தது. நிலையையே கழற்றிவிடலாம் என்றார். நிலை போனதும் திறப்பு முழு இரண்டரை அடி ஆனது. நாற்காலி இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளியோடு உள்ளே போனது. வெளிப்பக்கச் சுவரில், கான்கிரீட் பொந்துகளில் போல்ட் போட்டுத் தண்டவாளம் மாட்டி, தள்ளுகதவு தொங்கவிட்டோம். அம்மா நடக்க ஆரம்பித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கதவு அப்படியே இருக்கிறது.

பாகங்களை ஆலையில் வார்த்து மனையில் கோக்கும் முன்வார்ப்பு முறை எதுவானாலும் இந்த நிலைமை பொதுவானது. சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் வீட்டுத் திட்டத்தில் 1152 வீடுகளை முன்வார்த்த கான்கிரீட் பாகங்களால் கோத்துக் கட்டி 2022இல் திறந்தார்கள். பொருள் வேறு, ஆனால் அங்கேயும் சுவரை ஆலையில் வார்ப்பதற்கு முன்பே கதவு எங்கே, ஸ்விட்ச் எங்கே என்று முடிவாகியிருக்க வேண்டும். நாம் பழகிய முறையில் சுவர் எழும்பும்போது நின்று பார்த்து, “மேஸ்திரி, ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வைங்க” என்று சொல்லலாம். பேனலில் அந்த வாய்ப்பு, வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிற அன்றோடு முடிந்துவிடும். ஐம்பது ஆண்டு நிற்கப்போகிற வீடு என்று சொல்கிறோம். அந்த ஐம்பது ஆண்டில் அதற்குள் மனிதர்கள் முதுமை அடைவார்கள் என்பதை நான் அன்று வரைபடத்தில் யோசிக்கவில்லை. சிமென்டை மிச்சம் பிடித்ததைப் பற்றி நிறைய யோசித்தேன்.

அந்த மிச்சமும் முழுமையானதல்ல. சிமென்டுக்குச் சூளையில் சுமார் 1450 டிகிரி வேண்டும், சுண்ணாம்புக்கல்லே எரியும்போது கரியமில வாயுவை விடும். ஜிப்சத்துக்கு 150 டிகிரிச் சூடு போதும், அந்த வாயுப் பிரச்சினையும் இல்லை. ஆனால் பொந்துக்குள்ளும் கூரை மேலும் கான்கிரீட் இருக்கிறது, அஸ்திவாரம் முழுக்க சிமென்ட், லாரி குடித்த டீசல் இருக்கிறது. குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. அதுவே எனக்குப் போதும். இன்றைக்குக் கட்டினாலும் இந்தப் பேனலைத்தான் தேடிப் போவேன்.

மகள் அடுத்த ஆண்டு படிப்பு முடித்து வருகிறாள். மேலே ஒரு தளம் எடுக்கலாம் என்று பேச்சு. கீழ்ச்சுவருக்கு நேர் மேலேதான் மேல்சுவர் நிற்க முடியும். அதற்கான கம்பிகளைக் கூரையில் அன்றே நீட்டி வைத்துச் சிமென்டால் மூடியிருக்கிறோம். பேனல் எப்போது கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வரைபடம் மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசையில் விரித்தபடியே இருக்கிறது. எல்லாக் கதவும் மூன்றரை அடி. குளியலறைச் சுவரில் கைப்பிடி வருகிற இடத்தில் நான்கு பொந்துகளைக் கான்கிரீட் என்று நான் குறித்திருந்தேன். நேற்று அம்மா வந்து பார்த்துவிட்டு, பென்சிலை வாங்கி, தாழ்வாரத்துச் சுவரிலும் இரண்டு இடத்தில் சுழித்துவிட்டுப் போனார்.