இரு துருக்கியப் படங்கள், இரு வகைச் சிறைகள்
'பாபாம் வே ஓலும்' (2005) படத்தில், விவசாயம் படிக்காமல் அரசியலுக்குப் போன மகனை அப்பா ஹுசேயின் ஒதுக்கிவிடுகிறார். 1980 ராணுவப் புரட்சியில் மனைவியை இழந்த மகன், சிறையில் நொறுங்கிய உடலோடு, சிறுவன் தெனிஸை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பும்போதும் அவர் முகம் கொடுப்பதில்லை. நான் அழுதேன்தான், ஆனால் அந்தக் கண்ணீர் அப்பாவை எளிதில் மன்னித்துவிடுகிறது.

'முஸ்டாங்' (2015) மன்னிப்பதில்லை. கடலில் பையன்களோடு விளையாடிய குற்றத்துக்காகப் பெற்றோரற்ற ஐந்து சகோதரிகளுக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை, ஜன்னல் கம்பி, வரிசையாகக் கல்யாணம். அடிப்பதும் அணைப்பதும் அதே பாட்டிதான். இரவில் அவர் மகன் எரோல் செய்யும் கொடுமையைக் காட்டாமலே, கடைக்குட்டி லாலேயின் பார்வையில் உணர்த்துகிறார் இயக்குநர் தெனிஸ் கம்ஸே எர்குவென். என் வாக்கு இதற்கே.