பெர்லில் அம்புக்குறியோடு 12 வருடம்

பெர்ல் என்ற நிரலாக்க மொழியில் ஆப்ஜெக்ட் (தரவையும் அதற்கான செயல்களையும் சேர்த்து வைக்கும் பொருள்) எழுத ஆரம்பித்து 12 வருடம் ஆகிறது. முதல் வாரத்தில் என்னைக் குழப்பியதும் இன்று எனக்கு மிகவும் பிடித்ததும் ஒன்றுதான்: மெத்தடை, அதாவது ஆப்ஜெக்ட்டின் செயலை, கூப்பிடும் அம்புக்குறி (->). அதற்கு இடப்பக்கம் எது இருக்கிறதோ, அது சத்தமில்லாமல் மெத்தடின் முதல் ஆர்கியுமென்ட்டாக, அதாவது உள்ளே அனுப்பும் முதல் மதிப்பாக, போய்ச் சேர்ந்துவிடும். கிளாஸ் (ஆப்ஜெக்ட்டுக்கான வார்ப்பு) பெயரை வைத்துக் கூப்பிட்டால் அந்தப் பெயர் ஸ்ட்ரிங்காக, வெறும் எழுத்துத் தொடராக, வரும். ஆப்ஜெக்ட்டை வைத்துக் கூப்பிட்டால் ஆப்ஜெக்ட்டே வரும். மெத்தட் என்று தனியாக ஒன்று கிடையாது, சாதாரண சப்ரூட்டின்தான் (பெயர் வைத்துக் கூப்பிடும் நிரல் துண்டு). அப்படி வரும் ஆப்ஜெக்ட்டுக்கு வைக்கும் செல்ஃப் என்ற பெயர்கூட எல்லோரும் வைத்துப் பழகிய பெயர், அவ்வளவுதான்.

ஆப்ஜெக்ட்டும் இதே மாதிரி எளிமையானது. ஒரு ஹாஷ் (சாவி-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு), அதற்கு ஒரு ரெஃபரன்ஸ் (அதைச் சுட்டும் மதிப்பு), அப்புறம் 'இது இந்த கிளாஸ்' என்று முத்திரை குத்தும் ஒரு பிளெஸ். பிளெஸ் முத்திரை குத்துவது ரெஃபரன்ஸின் மேல் அல்ல, அது காட்டும் ஹாஷின் மேல். அதனால் ரெஃபரன்ஸை எத்தனை மாறிகளில் போட்டு வைத்தாலும் எல்லாவற்றிலிருந்தும் ஒரே கிளாஸ்தான் தெரியும்.

இந்த முத்திரையில் நான் இரண்டு முழு நாள் தொலைத்திருக்கிறேன். அறிக்கை என்று ஒரு கிளாஸ், அதன் வாரிசாக மாத அறிக்கை. வாரிசில் தலைப்பு மெத்தடை மாற்றி எழுதியிருந்தேன். ஆனால் ஓட்டும்போதெல்லாம் பழைய தலைப்பே வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கடைசியில் ஆப்ஜெக்ட்டை, அதன் கிளாஸ் பெயரைச் சொல்லும் ரெஃபுக்குக் கொடுத்து அச்சிட்டுப் பார்த்தால், கையில் இருந்தது வெறும் அறிக்கை! தாய் கிளாஸில் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் நியூ மெத்தடில் பிளெஸுக்கு ஹாஷை மட்டும் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது ஆர்கியுமென்ட் இல்லாவிட்டால், அந்த வரி எந்த பேக்கேஜில் (பெர்லில் கிளாஸ் என்பதே ஒரு பேக்கேஜ்தான்) இருக்கிறதோ அந்த பேக்கேஜின் முத்திரைதான் விழும். ஷிஃப்ட் செய்து (ஆர்கியுமென்ட்களில் முதலாவதை உருவி) எடுத்த கிளாஸ் பெயரைப் பக்கத்தில் சேர்த்தேன், சரியாகிவிட்டது. அம்புக்குறி அந்தப் பெயரை முதலிலேயே கொண்டுவந்து கொடுத்திருந்தது, நான்தான் பயன்படுத்தவில்லை.

மெத்தட் தேடும் முறையில் எனக்குத் தொல்லை வந்ததில்லை. முதலில் சொந்த கிளாஸ், அப்புறம் தாய் கிளாஸ்களைக் குறித்து வைக்கும் ஐஎஸ்ஏ பட்டியலில் உள்ளவை வரிசையாக. பல தாய் கிளாஸ்கள் இருந்தால் மட்டும் சி3 என்ற மாற்றுத் தேடல் வரிசையை இயக்கிக்கொள்கிறேன், பெர்ல் 5.10 பதிப்பு முதலே அது கூடவே வருகிறது.

உண்மையான குறை வேறு. ஹாஷ் சாவியில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால் பெர்ல் வாய் திறக்காது. எழுதும்போது புதுச் சாவி உருவாகிவிடும், படிக்கும்போது வெறுமை கிடைக்கும். 2023இல் வந்த பெர்ல் 5.38 பதிப்பு, கிளாஸ், ஃபீல்டு, மெத்தட் ஆகிய சொற்களைச் சோதனை நிலையில் மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. ஃபீல்டு (ஆப்ஜெக்ட்டின் தரவை வைக்கும் இடம்) ஒரு மாறி என்பதால், அறிவிக்காத மாறிகளை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் இருந்தால் பெயர்ப் பிழை கம்பைல் ஆகும்போதே பிடிபடும். செல்ஃபை ஷிஃப்ட் செய்ய வேண்டிய வேலையும் இல்லை, தானாக வந்து நிற்கும். பழைய கோப்புகளில் கை வைக்காமல், புதிதாக எழுதும் சின்னக் கருவிகளில் மட்டும் இதைப் பழகிவருகிறேன்.