கிருஷ்ணகிரியில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை: திறந்து பார்த்த பிறகுதான் விலை சொல்கிறார்கள்

லேப்டாப் திடீர் திடீரென்று தானாக ஆஃப் ஆகிறது என்று கிருஷ்ணகிரியில் கடை தேடிக்கொண்டிருப்பவர்கள் தாராளமாக இங்கே போகலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைக் கீழே சொல்கிறேன், மற்றபடி சுத்தமான வேலை.

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். காலையிலிருந்து மாலை வரை டேலி என்கிற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி தளம், சரக்கு வண்டிக்கான அனுமதிச் சீட்டு எடுக்கிற இ-வே பில் தளம் மூன்றும் திறந்தே இருக்கும். வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து லேப்டாப் பட்டென்று அணைய ஆரம்பித்தது. நீலத்திரை வராது, எச்சரிக்கை வராது, யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல ஒரேயடியாகக் கறுப்பு. வெளியே ஸ்லாப் ஏற்றிய லாரி பெங்களூருக்குக் கிளம்பத் தயாராக நிற்கும், மாநிலம் தாண்டுகிற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் இ-வே பில் இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது, டிரைவர் அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதைவிடப் பெரிய பயம் டேலி டேட்டா. என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போது இப்படி அணைந்தால் கம்பெனி ஃபைலே கெட்டுப்போகலாம். தினமும் சாயங்காலம் பென் டிரைவில் பேக்கப் எடுக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதனால்தான் ராத்திரி தூக்கம் வந்தது.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் காட்டினேன், எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் "மதர்போர்டு போயிடுச்சு, 9,500 ஆகும், வேணும்னா முதல்ல ஓஎஸ் போட்டுப் பார்க்கலாம், அதுக்கு 600" என்றார்கள். போர்டே போய்விட்டது என்றால் ஓஎஸ், அதாவது விண்டோஸை, மறுபடி போடுவது எதற்கு? லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடை ரவுண்டானாவிலிருந்து நடந்து போகிற தூரம்தான், மாடியில் இருக்கிறது. உள்ளே போனால் ஒரு மூலையில் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்புகள் அடுக்கிக் கிடக்கின்றன, பாதி ரிப்பேருக்கு வந்தவை, மீதி பார்ட்ஸுக்காக வாங்கிப் போட்டவை. வேலை பார்க்கிறவர் சின்னப் பையன்தான், ஆனால் லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். "சார்ஜர்ல இருக்கும்போது ஆஃப் ஆகுதாக்கா, பேட்டரியில இருக்கும்போதா? தூக்கி நகர்த்தினா ஆஃப் ஆகுதா? உடனே ஆன் பண்ணா வருதா, கொஞ்ச நேரம் விட்டாத்தான் வருதா?" சார்ஜரிலும் ஆகிறது, பேட்டரியில் இன்னும் சீக்கிரம், அணைந்ததும் உடனே ஆன் செய்தால் திரும்பவும் போய்விடும், டீ குடித்துவிட்டு வந்து போட்டால் நிற்கும் என்றேன். இதைக் கேட்டதுமே சூடுதான் என்று அவருக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் வாய் விடவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

முதலில் தன்னுடைய சார்ஜர் ஒன்றை மாட்டிப் பார்த்தார், அதே வாட்ஸ் உள்ளது. மாற்றம் இல்லை. அப்புறம் பயாஸ் திரைக்குள், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் வருகிற செட்டிங்ஸ் திரைக்குள் போய் அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அங்கேயே அணைந்துவிட்டது. அந்தத் திரையில் விண்டோஸே ஓடுவதில்லை. அங்கேயும் அணைகிறது என்றால் விண்டோஸ் மேல் பழி போட முடியாது, ஓஎஸ் மாற்றினால் 600 ரூபாய் தண்டம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. நான் வீட்டில் விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து கர்னல் பவர் 41 என்ற பிழை எண்ணைப் பார்த்து வைத்திருந்தேன், அதையும் சொன்னேன். சிரித்துவிட்டு, "அது சரியா மூடாம அணைஞ்சுதுன்னு மட்டும்தான் சொல்லும்க்கா, ஏன் அணைஞ்சுதுன்னு சொல்லாது" என்றார். நெட்டில் அந்த எண்ணைத் தேடி டிரைவர், ரெஜிஸ்ட்ரி என்று நோண்டிக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

பிறகு விண்டோஸுக்குள் வந்து வெப்பநிலை காட்டுகிற ஒரு இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினார். சும்மா இருக்கும்போதே 75 டிகிரி. டேலியும் பிரவுசரும் திறந்தால் 90ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது. பெரும்பாலான லேப்டாப் பிராசசர்களுக்கு 100 டிகிரியை ஒட்டித்தான் எல்லை. அங்கே போனதும் முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அதற்கும் சூடு அடங்காவிட்டால் தான் கருகிப்போகாமல் இருக்க மொத்தத்தையும் அணைத்துவிடும். அதாவது என் லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைந்திருக்கிறது.

என் முன்னாலேயே கழற்றினார். ஃபேனுக்கும் அதன் வாயில் இருக்கிற செம்புத் தகடுகளுக்கும் நடுவில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு படலம், அடைபோல அப்படியே பெயர்ந்து வந்தது. எல்லாம் கல் தூசி. யூனிட்டில் தண்ணீர் விட்டுத்தான் அறுக்கிறார்கள், ஆனால் காய்ந்த சேறு காற்றில் பறக்கத்தானே செய்யும். ஃபேன் சுற்றுகிறது, காற்று வெளியே போக வழியில்லை. பிராசசர் மேல் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த பேஸ்ட்டும் காய்ந்து பொருக்காகிவிட்டது. துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, தகடுகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தார். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடுமாம், வீட்டில் புளோயர் வைத்திருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டிப் பார்த்தால் அதே வேலைக்கு 70ஐ ஒட்டி நின்றது.

அதோடு முடியவில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் 35 சதவீதம் காட்டும்போதே அணைந்தது. இரண்டாவது கோளாறு பேட்டரியில். கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட் என்று அடித்தால் விண்டோஸே ஒரு அறிக்கை கொடுக்கும், இது யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். புதிதில் இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் பிடிக்கிற அளவு இரண்டும் அதில் இருக்கும். என்னுடையது பாதிக்கும் கீழே போயிருந்தது. உள்ளே இருக்கிற செல்களில் ஒன்று பலவீனமானால் கொஞ்சம் கனமான வேலை கொடுத்ததும் வோல்டேஜ் சட்டென்று இறங்கி அணைந்துவிடும், திரையில் காட்டுகிற சதவீதத்தை நம்ப முடியாது என்றார். பேட்டரி உப்பியிருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லியிருப்பாராம், உப்பவில்லை. வேறு கம்பெனி செய்த, இதற்குப் பொருந்துகிற கம்பாட்டிபிள் பேட்டரி 2,300, ஒரிஜினல் 4,600, எது வேண்டும் என்று கேட்டார், எதையும் தலையில் கட்டவில்லை. லாரி நிற்கும்போது கரண்ட் போனால் யார் பதில் சொல்வது என்று ஒரிஜினலே போட்டேன். சுத்தம் செய்யவும் பேஸ்ட்டுக்கும் 700 ரூபாய்.

எனக்கு இந்தக் கடை மேல் நம்பிக்கை வந்த இடம் ஒன்று உண்டு. அடியில் வைக்கிற கூலிங் பேட் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமா என்று நானாகவே கேட்டேன். கண்ணாடி ஷெல்ஃபில் நாலைந்து தொங்குகிறது. "உங்க இடத்துக்கு வேணாம்க்கா, அது இருக்கிற தூசியையும் சேர்த்து உள்ள ஊதும், அதுக்குப் பதிலா ஆறு மாசத்துக்கு ஒருமுறை கொண்டாந்து சுத்தம் பண்ணிட்டுப் போங்க" என்றார்.

இப்போது அந்த ஒரு ஸ்டார் விஷயம். பேட்டரி பெங்களூரிலிருந்து வர வேண்டும், நாளைக்கு வந்துவிடும் என்றார்கள், அந்த நாளை இழுத்துக்கொண்டே போனது. ஃபோன் செய்தால் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் போட்டால் மட்டும் பதில் வருகிறது. பில் கேட்டால்தான் கொடுக்கிறார்கள்; பேட்டரிக்கு வாரன்டி இருப்பதால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடிக்காதது, லேப்டாப்பை விட்டுவிட்டு வரும்போது பாஸ்வேர்டைக் கேட்டு ஒரு டேப்பில் எழுதி மூடி மேலேயே ஒட்டுகிறார்கள். கடைக்கு வருகிற போகிற எல்லோர் கண்ணிலும் படும். முதலாளியுடைய கணக்கு மொத்தமும் அதில் இருக்கிறது. நான் அங்கேயே உட்கார்ந்து டெஸ்ட் என்று தனியாக ஒரு யூசர் உருவாக்கி அதற்கு மட்டும் பாஸ்வேர்ட் கொடுத்தேன், அவர்களுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. போகிறவர்கள் வீட்டிலேயே இதைச் செய்துவிட்டு, டேட்டாவை பேக்கப் எடுத்துக்கொண்டு போங்கள்.

வண்டி நிறுத்தக் கீழே இடமில்லை, பக்கத்துத் தெருவில் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டர் பாதி இறக்கியிருக்கும், ஒரு குரல் கொடுத்தால் திறப்பார்கள்.