ஃபைப்ராய்டு ஆபரேஷன்: கட்டி எந்த வழியாக வெளியே வருகிறது?

எனக்குக் கர்ப்பப்பையில் ஒன்பது சென்டிமீட்டரில் ஒரே ஒரு ஃபைப்ராய்டு, அதாவது புற்றுநோயல்லாத தசைக்கட்டி. எடுத்தே ஆக வேண்டும் என்றானதும் டாக்டர் மூன்று வழி சொன்னார்: வயிற்றைத் திறந்து செய்யும் ஓபன் ஆபரேஷன், சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் மார்செலேட்டர் என்ற கருவி போட்டு எடுப்பது, அதே லேப்ராஸ்கோப்பியில் பைக்குள் வைத்து எடுப்பது. நான் மூன்றாவதற்குச் சம்மதித்தேன்.

தழும்பு, வலி, எத்தனை நாள் படுக்கை என்பதிலெல்லாம் லேப்ராஸ்கோப்பிதான் மேல். அது எல்லோருக்கும் தெரியும். என் கவலையெல்லாம், விரல் நுழையும் ஓட்டை வழியாக இவ்வளவு பெரிய கட்டி எப்படி வெளியே வரும் என்பதுதான்.

மார்செலேட்டர் என்பது சுழலும் கத்தி. கட்டியை வயிற்றுக்குள் வைத்தே சீவிச் சீவி இழுக்கும். அப்போது துணுக்குகள் சிதறும். சாதாரணக் கட்டியின் துணுக்குகூட வயிற்றுக்குள் எங்காவது ஒட்டிக்கொண்டு வளரலாம். கட்டிக்குள் சார்கோமா என்ற புற்றுநோய் ஒளிந்திருந்தாலோ, அதை வயிறு முழுக்க விதைத்த மாதிரி. ஃபைப்ராய்டு என்று நம்பி ஆபரேஷனுக்கு வரும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் எச்சரித்தது. அந்தக் கணக்கு அதிகம் என்று வாதாடிய மருத்துவர்களும் உண்டு.

எண் எதுவாக இருந்தாலும், முன்கூட்டியே உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்தது. என் எம்.ஆர்.ஐ.யில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. அப்படியும் டாக்டர், “எடுத்த கட்டியை லேபில் பார்த்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும்” என்றார். ரிப்போர்ட் வரும் முன்பே சிதறிவிட்டால், அப்புறம் பொறுக்கியா எடுக்க முடியும்?

பை முறையில், கர்ப்பப்பையிலிருந்து பிரித்த கட்டியை உள்ளேயே ஒரு பையில் போட்டு, பையின் வாயைத் தொப்புள் வெட்டு வழியாக வெளியே இழுத்து விரித்துக்கொள்கிறார்கள். பிறகு சாதாரணக் கத்தியால், பழத்தோலைச் சுருளாகச் சீவுவதுபோல, துண்டு துண்டாக எடுக்கிறார்கள். மார்செலேட்டரைப் பயன்படுத்துவதானாலும் பைக்குள் வைத்தே பயன்படுத்த வேண்டும் என்று எஃப்.டி.ஏ.வும் 2020-இல் சொல்லிவிட்டது.

இதிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பை கிழியலாம். கட்டியைக் கர்ப்பப்பையிலிருந்து பிரிப்பதும் பைக்கு வெளியேதான் நடக்கிறது; அப்போதும் கொஞ்சம் சிதறலாம். ஓபனிலும் அந்தச் சிக்கல் உண்டு. நிறையக் கட்டிகள் இருப்பவர்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் என் அனுபவத்தை வைத்து யோசனை சொல்ல மாட்டேன். பை போட்டுப் பழக்கமில்லாத டாக்டர் என்றால், தழும்பைப் பார்க்காமல் நானே ஓபனுக்குப் போயிருப்பேன்.