சர்வர் மந்தமா? கேஷைக் காலி செய்வதா, ஸ்வாப்பைக் குறைப்பதா, ரேம் வாங்குவதா?

லினக்ஸ் சர்வர் மெதுவானால் பெரும்பாலானவர்கள் முதலில் ஓட்டிப் பார்ப்பது மெமரி நிலவரத்தைக் காட்டும் ஃப்ரீ கட்டளையைத்தான். 32 ஜிபி ரேம் உள்ள மெஷினில் ஃப்ரீ என்ற பத்தியில் சில நூறு எம்பி மட்டும் தெரியும். மெமரி தீர்ந்துவிட்டது என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் சும்மா கிடக்கும் ரேமில் கோப்புகளிலிருந்து படித்த பக்கங்களை (சிறு துண்டுகளை) லினக்ஸின் மையமான கர்னல் வைத்துக்கொள்வது இயல்பு. அதுதான் பேஜ் கேஷ். ஏதாவது ஒரு புரோகிராம் மெமரி கேட்டால் அதில் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே பார்க்க வேண்டியது, கேட்டால் கிடைக்கக்கூடிய மெமரியைக் காட்டும் அவைலபிள் பத்தி. 2014-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து அந்தக் கணக்கை கர்னலே போட்டுத் தருகிறது.

அவைலபிளும் அடிமட்டத்தில் இருந்து, விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கிய ஸ்வாப்பிலிருந்து வருவதும் அங்கே போவதும்) இரண்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் அது உண்மையான நெருக்கடி. 4.20 முதலான கர்னல்களில் மெமரி பிரஷர் கணக்கும் உண்டு. கடந்த 10, 60, 300 நொடிகளில் மெமரிக்காகக் காத்தே எத்தனை சதவீத நேரம் வீணானது என்று அது சொல்லும். இதைப் பார்க்காமல் எந்த மருந்தையும் தொடாதீர்கள்.

இனி மருந்துகள். மிகப் பரவலானது, கேஷைக் காலி செய்ய, மணிக்கு ஒருமுறை டிராப் கேஷஸ் என்ற கர்னல் கோப்பில் 3 என்று எழுதும் கிரான் வேலை (நேரப்படி தானாக ஓடுவது). இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். எழுதியதும் ஃப்ரீ பத்தி பெரிதாகிவிடும், பார்க்க நன்றாக இருக்கும். அடுத்த நிமிடம் அதே கோப்புகளை டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். ரேமில் நானோ நொடிகளில் முடிகிற வேலைக்கு சுழலும் ஹார்ட் டிஸ்க் மில்லி நொடிகள் எடுக்கும். கேஷின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் வழி இது அல்ல, சோதனைக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம் என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. இரண்டு அளவீடுகளை ஒரே நிலையிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் பயன்படுத்துங்கள், அதோடு சரி.

ஸ்வாப்பினஸ் என்ற கர்னல் அமைப்பைக் குறைப்பது இதைவிட நியாயமான தேர்வு. இயல்பு மதிப்பு 60. ரேம் எத்தனை சதவீதம் நிறைந்ததும் ஸ்வாப் தொடங்கும் என்பதை இது குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இடம் தேவைப்படும்போது புரோகிராம்களின் பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளுவதா, கோப்புப் பக்கங்களை விடுவதா என்ற தராசு அது. 10-ஆகக் குறைத்தால் டேட்டாபேஸ் சர்வர் பெரும்பாலும் நன்றாக நடந்துகொள்ளும். ஆனால் சாம்பா, என்எஃப்எஸ் போன்ற கோப்புச் சர்வரில் அதே 10 எதிராகவும் திரும்பலாம். பின்னணியில் நாள் முழுக்க தூங்கும் டீமன் புரோகிராம்களின் பக்கங்கள் ரேமில் உட்கார்ந்திருக்க, எல்லோரும் கேட்கும் கோப்புகள் வெளியே போகும்.

டேட்டாபேஸ் இருக்கும் இடத்தில் ஸ்வாப்பினஸைவிட அதன் சொந்தக் கேஷின் அளவுதான் பெரிய கேள்வி. இங்கே மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரஸும் இரண்டு வழியில் போகின்றன. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, பஃபர் பூல் என்ற தன் சொந்தக் கேஷிலேயே தரவை வைத்துக்கொள்ளும். ஃப்ளஷ் முறையை ஓ-டைரக்ட் (பேஜ் கேஷைத் தவிர்த்து நேராக டிஸ்க்குக்குப் போவது) ஆக்கினால் அதே பக்கம் பேஜ் கேஷிலும் இன்னொரு முறை இடம் பிடிக்காது. போஸ்ட்கிரஸோ கர்னலின் கேஷை நம்பியே வேலை செய்கிறது. அதன் சொந்தக் கேஷான ஷேர்டு பஃபர்ஸுக்கு ரேமில் 25 சதவீதத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது அதன் ஆவணம். மைஎஸ்க்யூஎல் பழக்கத்தில் 75 சதவீதம் கொடுத்துவிட்டு ‘மெதுவாக இருக்கிறதே’ என்று தேடுவது வீண். மேலே சொன்ன கிரான் வேலையும் போஸ்ட்கிரஸ் மெஷினைத்தான் அதிகம் வதைக்கும்.

பலர் யோசிக்காத ஒன்று, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்: ராத்திரி ஓடும் பேக்கப்புக்கு வரம்பு போடுவது. ஒரே ஒரு தடவை படித்துவிட்டு மறக்க வேண்டிய நூற்றுக்கணக்கான ஜிபி, பகலில் தேவைப்படும் பக்கங்களை வெளியேற்றிவிடக்கூடும். காலையில் முதல் ஒரு மணி நேரம் மட்டும் சர்வர் இழுக்கிறது என்றால் முதல் சந்தேகம் இங்கே விழட்டும். பேக்கப்பை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக மெமரிஹை (மெமரி வரம்பு) 1 ஜிபி என்று ஓட்டினால், அது புதிதாக இழுத்துவரும் கோப்புப் பக்கங்களும் அந்தக் கணக்கிலேயே சேரும். வரம்பைத் தாண்டினால் முதலில் அதன் பக்கங்களே போகும். புரோகிராம் குழுக்களுக்கு வரம்பு வைக்கும் கர்னல் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். செலவு இல்லை, மற்ற எதையும் தொட வேண்டியதும் இல்லை.

பெரிய கோப்பை எழுதும்போது மட்டும் மெஷின் உறைகிறது என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அது டர்ட்டி ரேஷியோ (டிஸ்க்கில் இன்னும் எழுதாத தரவு ரேமில் எவ்வளவு சேரலாம் என்ற வரம்பு) சமாச்சாரம்; இயல்பான 20 சதவீதம், ரேம் நிறைய உள்ள மெஷினில் பல ஜிபி ஆகிவிடும். பைட் கணக்கில் சிறிய வரம்பு வையுங்கள்.

அப்புறம் ரேம். ப்ராக் அடைவில் உள்ள விஎம்ஸ்டாட் கோப்பில் வொர்க்கிங்செட் ரீஃபால்ட் எண்ணிக்கை பரபரப்பான நேரத்தில் விடாமல் ஏறினால், வெளியேற்றிய பக்கங்களே திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன என்று பொருள். பேக்கப்புக்கு வரம்பு போட்டு, டேட்டாபேஸ் கேஷின் அளவைச் சரிசெய்த பிறகும் அது ஏறினால் தயங்காமல் வாங்குங்கள்.