ப்ளூரானிக்கா, பி.எல்.ஏ.வா, பியூட்டாடையீனா: தண்ணீரில் தானாகக் கூடும் மூன்று குட்டைப் பாலிமர்கள்

தண்ணீரில் கரையாத மருந்தையோ சாயத்தையோ நுண்ணிய கூட்டுக்குள் அடைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பாலிமரில் உருண்டை வரும், எதில் புழு வரும், எதில் பை வரும் என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று உண்டு: கூட்டில் சேர்ந்த பாலிமர்ச் சங்கிலி திரும்ப வெளியே வருமா? பாலிமரைத் தேர்ந்தெடுக்க உருவத்தைவிட இதுதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே எடுத்துக்கொள்ளும் மூன்றிலும் தண்ணீரை விரும்பும் பகுதி ஒன்றேதான்: பாலிஎத்திலீன் ஆக்சைடு, மருந்துத் துறையில் பெக் என்பார்கள். தண்ணீரை வெறுக்கும் பகுதிதான் மாறுகிறது. ப்ளூரானிக் என்ற வணிகப் பெயரில் வருவதில் அது பாலிபுரொப்பிலீன் ஆக்சைடு. இரண்டாவதில் பாலிலாக்டிக் அமிலம், அதாவது பி.எல்.ஏ.; மூன்றாவதில் பாலிபியூட்டாடையீன். உருவத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. சங்கிலியின் எடையில் பெக்கின் பங்கு பாதிக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி அதற்கு மேல் போனால் உருண்டை மிசெல் (சங்கிலிகள் கூடி உண்டாக்கும் நுண்கூடு). மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் பை. இரண்டுக்கும் நடுவே புழு. இதில் உருண்டைக்கும் பைக்குமான எல்லைகள் 2002-ல் டிஷர், ஐசன்பர்க் என்ற ஆய்வாளர்கள் தொகுத்துச் சொன்னவை. ப்ளூரானிக்குக்கு இந்தக் கணக்கை அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள். 30% பெக் உள்ள பி123 என்ற ப்ளூரானிக் ரகம் சாதாரண வெப்பநிலையில் உருண்டை மிசெலாகத்தான் இருக்கும்.

ப்ளூரானிக் பெயர்களிலேயே பாதி விவரம் கிடைத்துவிடும். எல் என்றால் திரவம், பி என்றால் பசை, எஃப் என்றால் செதில். கடைசி இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் பெக் சதவீதம். முன்னால் உள்ளதை 300-ஆல் பெருக்கினால் நடுத்துண்டின், அதாவது பாலிபுரொப்பிலீன் ஆக்சைடின், தோராய மூலக்கூறு எடை. ஆக எஃப்127 என்பது இருபுறமும் பெக், நடுவில் 3,600 எடையுள்ள துண்டு, மொத்தத்தில் 70% பெக். முழுச் சங்கிலியின் எடை சுமார் 12,600.

இதன் குணத்தைக் கண்ணால் பார்க்கலாம். எஃப்127 செதிலை வெந்நீரில் போட்டால் கட்டி கட்டியாக மிதந்து வெறுப்பேற்றும். பனிக்கட்டிக் குளிரில் உள்ள தண்ணீரில் தூவி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு விட்டால் தெளிவாகக் கரைந்துவிடும். அந்த 20% கரைசலை வெளியே எடுத்தால் முதலில் தண்ணீர் மாதிரி ஓடும். கையில் பிடித்துக் கொஞ்சம் சூடேறியதும் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அசையாது. மறுபடி குளிர்வித்தால் மறுபடி ஓடும். நடுத்துண்டின் ஒவ்வொரு அலகிலும் ஓர் ஆக்சிஜன் இருப்பதால் குளிர்ந்த தண்ணீர் அதைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கிறது. சூடானால் அந்தப் பிடி விடுகிறது, சங்கிலிகள் ஒன்றுகூடுகின்றன, மிசெல்கள் நெருக்கமாக அடுக்காகி ஜெல் ஆகின்றன. மிசெல் உருவாகத் தேவையான குறைந்தபட்சச் செறிவு 25 டிகிரியில் சுமார் 0.7%, 35 டிகிரியில் சுமார் 0.025%. பத்தே டிகிரியில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்!

இதே குணம்தான் ஊசி மருந்தில் கெடுதலாகிறது. 10% கரைசலில் 2 மில்லி ஏற்றினால் உடம்புக்குள் போவது 0.2 கிராம். அது 5 லிட்டர் இரத்தத்தில் கலந்தால் 0.004%. உடல் சூட்டில்கூட மிசெல் நிற்கத் தேவையான அளவுக்கு இது கீழே, கூடு கலைந்துவிடும். ஆனால் தோலில் பூசும் ஜெல்லுக்கும், வேறு பொருளை வார்த்தெடுக்கும் அச்சாகவும் இதைவிடத் தோதான பொருள் கிடையாது. 1998-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் பி123 மிசெல்களைச் சுற்றி சிலிக்காவைப் படியவைத்து, பாலிமரை நீக்கி, அறுகோண வரிசையில் துளைகள் கொண்ட எஸ்.பி.ஏ-15 என்ற சிலிக்காவைச் செய்தார்கள். ஒரு எச்சரிக்கை: ப்ளூரானிக்கில் சங்கிலி நீளம் சீராக இருக்காது, மூன்று துண்டுக்குப் பதில் இரண்டே துண்டுள்ள சங்கிலிகளும் கலந்திருக்கும். ஒரு தொகுப்பில் எடுத்த எண் அடுத்த தொகுப்பில் அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம்.

பெக்-பி.எல்.ஏ. ப்ளூரானிக்குக்கும் பாலிபியூட்டாடையீனுக்கும் நடுவழி. மிசெல்லுக்கு லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே போதும் என்பதால் நீர்த்தாலும் சட்டென்று கலையாது. பி.எல்.ஏ. மெல்ல நீராற்பகுப்பு அடைந்து (தண்ணீரால் உடைந்து) லாக்டிக் அமிலமாகிவிடும். உடம்புக்கு அது பழகிய பொருள். பாக்ளிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிய ஜெனக்சால்-பி.எம். தென்கொரியாவில் ஒப்புதல் பெற்றது இந்த வகைதான். அதில் பெக் துண்டு சுமார் 2,000, பி.எல்.ஏ. துண்டு சுமார் 1,750. பாக்ளிடாக்செலின் பழைய ஊசி மருந்தில் ஒவ்வாமைக்குக் காரணமான கிரெமோஃபோர் எண்ணெய் இதில் தேவையில்லை. பழைய மருந்தின் வழக்கமான அளவு சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம்; இதன் முதல் கட்டச் சோதனையில் நோயாளிகள் தாங்கிய உச்ச அளவு 390. ஆனால் கூடு மருந்தை நெடுநேரம் கட்டிக்காத்ததால் வந்த லாபம் அல்ல இது. இரத்தத்தில் மருந்து சீக்கிரமே கூட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. அப்புறம், தண்ணீரிலேயே வைத்திருந்தால் பி.எல்.ஏ. சிதையத் தொடங்கும் என்பதால் உறையவைத்து உலர்த்தித் தூளாகத்தான் வைக்க வேண்டும்.

பாலிபியூட்டாடையீன் கதையே வேறு. இதன் குட்டைச் சங்கிலிகள் 4,000 எடைக்குள்ளேயே வரும். அதாவது எஃப்127-இன் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் கூடியபின் பிரிவதே இல்லை. உள்பகுதி கண்ணாடிபோல் இறுகியதால் அல்ல; அறை வெப்பநிலையில் அது இளகிய ரப்பர்தான். ஆக்சிஜனே இல்லாத சுத்த ஹைட்ரோகார்பன் என்பதால், ஒரு சங்கிலி தண்ணீருக்குள் எட்டிப் பார்க்கவே மிக அதிக ஆற்றல் வேண்டும். ஜெயின், பேட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இரண்டு வகைச் சங்கிலிகளின் மிசெல்களைத் தனித்தனியே தண்ணீரில் செய்து, பிறகு கலந்து பார்த்தார்கள். கலந்த பின்னும் அவை தனித்தனியாகவே இருந்தன. முதலிலேயே இரண்டையும் கலந்து தண்ணீரில் போட்டால் வந்த உருவமோ வேறு! ஆகவே இங்கே செய்முறையும் பொருளின் ஒரு பகுதி.

பை செய்ய இந்தக் குடும்பம்தான் கெட்டிக்காரர். இதை ஹைட்ரஜனேற்றி ஆக்கிய பெக்-பாலிஎத்தில்எத்திலீனில் 1999-ல் செய்த பாலிமர் பைகளின் சவ்வு சுமார் 8 நானோமீட்டர் தடிமன். பரப்பு ஏறத்தாழ 20% விரிந்த பிறகே கிழிந்தது. கொழுப்புச் சவ்வு 5% அளவிலேயே கிழியும். ஆனால் பி.எல்.ஏ. போல இது உடம்பில் சிதையாது. ஊசி மருந்துக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

சரி, கையில் இருப்பது எந்த ரகம் என்று தெரியவில்லையா? துகள்களின் அளவைக் காட்டும் ஒளிச்சிதறல் கருவியில் மாதிரியை வைத்து, முதலில் நன்றாக நீர்த்துப் பாருங்கள், பிறகு 4 டிகிரிக்குக் குளிர்வித்துப் பாருங்கள். எஃப்127 என்றால் 20 நானோமீட்டர் சொச்சத்தில் இருந்த சிகரம் காணாமல் போய், தனிச் சங்கிலியின் சிறிய சிகரம் மட்டும் நிற்கும். மற்ற இரண்டும் குளிருக்கு அசையாது. அவற்றைப் பிரித்தறிய சில வாரம் தண்ணீரிலேயே விட்டு, அமிலத்தன்மை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அது பி.எல்.ஏ.